ஸ்கூலில் படிக்கும்போதே காலேஜ் வகுப்பு: ஏ.பி.யா, கம்யூனிட்டி காலேஜா, சம்மர் புரோகிராமா, ஆன்லைனா?

வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பையனுக்கு கெமிஸ்ட்ரி பிடிக்குது, டிசைனும் பிடிக்குது. ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் வகுப்பு எடுக்கலாமாமே, எதுல சேர்க்கிறது?" நின்றுகொண்டே பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை இது. என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு வழியில் போனார்கள். பெரியவளுக்கு எல்லாம் நன்றாக அமைந்தது. சின்னவன் ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்துப் படித்தும், எதற்காக அந்த வகுப்பை எடுத்தோமோ அது கைக்கு வரவில்லை. அந்தக் கதையையும் கீழே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹைஸ்கூல் மாணவருக்குத் திறந்திருக்கும் வழிகள் நான்கு. ஸ்கூலிலேயே ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்ற காலேஜ் தர வகுப்பு எடுப்பது, டூயல் என்ரோல்மென்ட் என்ற பெயரில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போய் உட்காருவது, கோடை விடுமுறையில் ஒரு பல்கலைக்கழகமோ டிசைன் காலேஜோ நடத்தும் ப்ரீ-காலேஜ் புரோகிராமில் சேருவது, வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் காலேஜ் பாடம் படிப்பது. நான்கிலும் பாடத்தின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், அறிமுக வேதியியல், அறிமுக இயற்பியல், அடிப்படை டிசைன் என்று. கிடைப்பது மட்டும் நான்கு விதம்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது, பிறகு காலேஜ் பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட் கிடைக்குமா என்பது. என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: அந்த அறைக்குள் போனால்தான் கிடைக்கும் என்று ஏதாவது இருக்கிறதா?

அறிவியலில் அது ஆய்வகம். பாடத்தை வீடியோவில் கேட்கலாம், கணக்கைப் புத்தகத்தில் போடலாம். ஆனால் டைட்ரேஷன் செய்யும்போது (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது) பியூரெட் என்ற அளவுக் குழாயின் திருகை எவ்வளவு மெதுவாகத் திருக வேண்டும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்த கரைசலில் இளஞ்சிவப்பு தோன்றும், குலுக்கினால் மறையும், மறுபடி தோன்றும். கடைசியில் ஒரு சொட்டு விழுந்து, அந்த மெல்லிய நிறம் அரை நிமிடம் மறையாமல் நிற்க வேண்டும். அவசரப்பட்டு இன்னொரு சொட்டு விட்டால் அடர் ரோஸ் ஆகிவிடும், முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். என் மகன் முதல் நாள் நான்கு தடவை தவறவிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சொட்டு விழுவதைச் சமையலறைக் குழாயில் காட்டினான்.

டிசைனில் அது 'கிரிட்டிக்'. எல்லோருடைய வேலையையும் சுவரில் குத்தி வைத்துவிட்டு, பதினைந்து பேர் நின்று பார்த்துப் பேசுவது. இதற்கு மாற்றே கிடையாது என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் மற்றவை வரும்:

- கிரெடிட் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடமாகச் செல்லும்? பொதுவாக ஒரு 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்று கணக்கில் சேர்வது வேறு, மேஜருக்கு, அதாவது பட்டத்தின் முதன்மைத் துறைக்கு, வேண்டிய முதல் பாடமாக ஏற்கப்படுவது வேறு.
- மதிப்பெண் சரியாக வராவிட்டால் அது எங்கே பதிவாகும், எத்தனை காலம் கூட வரும்?
- வாரத்தில் உண்மையாகவே எத்தனை மணி நேரம் போகும்?
- கட்டணத்துக்கு மேல் கையிலிருந்து எவ்வளவு போகும்?

மணிக்கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. காலேஜில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே இரண்டு மணி நேரம் படிப்பு, சுமார் 15 வாரம் என்பது வழக்கமான கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். ஆய்வகம் சேர்ந்த அறிவியல் பாடம் நான்கு கிரெடிட்டாக இருக்கும். ஆய்வகத்துக்கென்று தனியாக மூன்று மணி நேர வகுப்பு வரும். ஸ்டுடியோ வகுப்பு மூன்று கிரெடிட் என்று எழுதியிருந்தாலும் வாரத்துக்கு ஆறு மணி நேரம் அந்த அறையிலேயே நிற்க வேண்டியிருக்கும். ஸ்கூல், விளையாட்டு, பாட்டு வகுப்பு எல்லாம் போக இந்த நேரம் எங்கிருந்து வரும் என்று தாளில் எழுதிப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

## ஏ.பி.: ஸ்கூலை விட்டு நகராமல்

காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1955 முதல் நடத்தும் திட்டம் இது. வருடம் முழுக்க ஸ்கூலில் படித்து, மே மாதம் ஒரு தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினாலே கிரெடிட் தரும் பொதுப் பல்கலைக்கழகங்கள் நிறைய. போட்டி அதிகமுள்ள இடங்கள் 4 அல்லது 5 கேட்கும். சில இடங்கள் கிரெடிட்டே தராது. டார்ட்மத் கல்லூரி, 2018-இல் பட்டம் பெறும் வகுப்பிலிருந்து ஏ.பி. மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவதை நிறுத்திக்கொண்டது.

ஏ.பி.யின் பெரிய பலம் பாதுகாப்பு. தேர்வு சரியாக எழுதாவிட்டால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம். வகுப்பில் வாங்கிய கிரேடு ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) இருக்கும். காலேஜ் ரெக்கார்டு என்று ஒன்று தொடங்கவே தொடங்காது. வீட்டிலிருந்து போய்வரும் சிக்கலும் இல்லை. தெரிந்த ஆசிரியர், தெரிந்த நண்பர்கள்.

ஆய்வகம் எப்படி? காலேஜ் போர்டு ஏ.பி. வேதியியலில் வகுப்பு நேரத்தில் கால் பங்காவது ஆய்வகத்தில் போக வேண்டும், குறைந்தது 16 சோதனைகள் செய்ய வேண்டும் என்கிறது. அது உங்கள் ஸ்கூலில் எப்படி நடக்கிறது என்பது ஆசிரியரைப் பொறுத்தது. நல்ல ஆசிரியர் கையில் ஏ.பி. வேதியியல் ஒரு காலேஜ் வகுப்புக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. வேறு சில வகுப்புகளில் ஏப்ரல் முழுக்கப் பழைய கேள்வித்தாள்தான். போன வருடம் படித்த பிள்ளையிடம் "லேப் நோட்டைக் காட்டு" என்று கேளுங்கள். அந்த நோட்டின் தடிமன் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடும்.

இயற்பியலில் ஒரு வேறுபாட்டைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.பி. ஃபிசிக்ஸ் 1, 2 இரண்டும் அல்ஜீப்ராவை வைத்து நடப்பவை. ஃபிசிக்ஸ் சி மட்டும்தான் கால்குலஸ் வைத்து. இன்ஜினியரிங், இயற்பியல் போகும் பிள்ளைக்குக் கணக்கில் வருவது ஃபிசிக்ஸ் சி. சின்ன ஸ்கூல்களில் அது இருக்காது.

டிசைனுக்கு ஏ.பி.யில் எழுத்துத் தேர்வு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 2-டி, 3-டி, டிராயிங் என்று மூன்று பிரிவு. மூன்றிலும் மே மாதம், தன் படைப்புகளின் தொகுப்பான ஒரு போர்ட்ஃபோலியோவை அனுப்ப வேண்டும். ஒரே கேள்வியை வருடம் முழுக்கத் துரத்தி, அதன் வளர்ச்சியைக் காட்டும் 15 படங்களுக்கு 60 சதவீதம். தேர்ந்தெடுத்த ஐந்து படைப்புகளுக்கு 40 சதவீதம். முடிந்த படங்களோடு, வழியில் போட்ட சோதனைகளையும் மாற்றங்களையும் அந்த 15-இல் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். கல்லூரிக்கு விண்ணப்பிக்க எப்படியும் போர்ட்ஃபோலியோ தேவைப்படும் பிள்ளைக்கு இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் குறைவுதான். ஒரு தேர்வுக்குச் சுமார் 100 டாலர், பதிவு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும், தவறினால் அபராதம். உண்மையான செலவு வேறு. வருடம் முழுக்கச் செய்த வேலைக்கான கிரெடிட் மே மாதத்து ஒரே ஒரு காலையை நம்பி நிற்கிறது. அன்று காய்ச்சல் வந்துவிட்டால், அல்லது பிள்ளை தேர்வு பயம் உள்ள பிள்ளையாக இருந்தால், உழைப்புக்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லாமல் போகும்.

## கம்யூனிட்டி காலேஜ்: நிஜமான காலேஜ், நிஜமான ரெக்கார்டு

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கிடைப்பதும் இங்கேதான் அதிகம், கவனிக்காமல் விட்டால் இழப்பதும் இங்கேதான் அதிகம்.

ஹைஸ்கூல் மாணவர்களைக் காலேஜ் வகுப்புக்கு அனுப்பும் மாநிலத் திட்டத்தை மினசோட்டா 1985-இல் தொடங்கியது. அதன் பிறகு வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட், ஒஹாயோவில் காலேஜ் கிரெடிட் ப்ளஸ் என்று மாநிலத்துக்கு ஒரு பெயரில் பரவிவிட்டது. பண விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடாவில் பொதுப் பள்ளி மாணவருக்குக் கட்டணமும் இல்லை, பாடப்புத்தகமும் இலவசம். வாஷிங்டனில் டியூஷன் இல்லை. புத்தகமும் சில கட்டணங்களும் நம் பொறுப்பு. கலிஃபோர்னியாவில் பகுதி நேரமாக 11 யூனிட் வரை எடுக்கும் ஹைஸ்கூல் மாணவருக்குப் பெரும்பாலும் சேர்க்கைக் கட்டணம் தள்ளுபடி.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: வகுப்பு எங்கே நடக்கிறது, யார் நடத்துகிறார்? பல ஊர்களில் 'டூயல் என்ரோல்மென்ட்' என்ற பெயரில் நடப்பது, ஹைஸ்கூல் வகுப்பறையிலேயே ஹைஸ்கூல் ஆசிரியரே நடத்தும் பாடம். கிரெடிட் காலேஜ் கொடுக்கும். அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை காலேஜ் ஆய்வகத்தையோ ஸ்டுடியோவையோ பார்க்கப் போவதில்லை. சில தனியார் பல்கலைக்கழகங்கள் ஹைஸ்கூல் கட்டடத்தில் நடந்த பாடத்துக்கும், ஹைஸ்கூல் பட்டத்துக்காக ஏற்கெனவே கணக்கில் எடுத்த பாடத்துக்கும் கிரெடிட் தருவதில்லை.

காலேஜுக்கே போனால் என்ன கிடைக்கும்? என் மகன் மாலை ஆறு மணி வேதியியல் ஆய்வகத்துக்குப் போனான். அவன் மேசையில் கூட நின்றவர் பகலில் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, நர்சிங்கில் சேர்வதற்காக இரவில் படிக்கும் ஓர் அம்மா. ஆய்வக நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், தப்பை ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், பக்கத்தைக் கிழிக்கவே கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவன் முன்பெல்லாம் தப்பான அளவை அழித்துவிட்டுச் சரியானதை எழுதுவான். அதற்குப் பிறகு செய்யவில்லை. தப்பான எண்ணும் ஒரு தகவல்தான் என்று புரிந்துவிட்டது. இந்த ஒன்றுக்காகவே அந்த வகுப்பு தகும் என்பேன்.

அடுத்த செமஸ்டர்தான் நாங்கள் சறுக்கினோம். இயற்பியல் எடுக்கச் சொன்னோம். பட்டியலில் இரண்டு பெயர் இருந்தன: 'காலேஜ் ஃபிசிக்ஸ்', 'யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்'. இவன் இருப்பது காலேஜ் என்பதால் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம், நேரமும் வசதியாக இருந்தது. கையெழுத்துப் போட்ட கவுன்சிலரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நன்றாகப் படித்து 'ஏ' வாங்கினான். பிறகுதான் தெரிந்தது, 'காலேஜ் ஃபிசிக்ஸ்' என்பது பொதுவாக அல்ஜீப்ரா வைத்து நடத்தும் பாடம். இன்ஜினியரிங்குக்கு வேண்டியது கால்குலஸ் வைத்து நடக்கும் மற்றது. பிறகு சேர்ந்த பல்கலைக்கழகத்தில் அதை எலெக்டிவாகச் சேர்த்துக்கொண்டார்கள். இயற்பியலை முதலிலிருந்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். வேதியியலிலும் உயிரியலிலும் இதே மாதிரி இரண்டு வரிசை இருக்கும்: ஒன்று அந்தத் துறையில் மேலே படிப்பவர்களுக்கு, மற்றது மற்றவர்களுக்கு. பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். பாட விளக்கத்தில் 'முன்தேவை' (முன்பே முடித்திருக்க வேண்டிய பாடம்) என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கால்குலஸ் கேட்டால் ஒரு வரிசை, கேட்காவிட்டால் வேறு வரிசை.

கிரெடிட் எங்கே செல்லும் என்று பார்க்க மாநிலங்களே கருவி வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 'அசிஸ்ட்' என்ற இணையதளம், கம்யூனிட்டி காலேஜ் பாடம் ஒவ்வொன்றும் அந்த மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்களான யு.சி., கால் ஸ்டேட்டில் எதற்குச் சமம் என்று காட்டும். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் பொதுப் பாட எண் முறை இருக்கிறது. நாங்கள் சேர்க்கும் முன் பத்து நிமிடம் இப்படித் தேடியிருந்தால் போதும்.

இனி மதிப்பெண். இங்கே வாங்கும் கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், அழியாது. பதினாறு வயதில் வாங்கிய 'சி', பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் வந்து நிற்கும். டாக்டருக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில், ஹைஸ்கூலில் இருக்கும்போது எடுத்த காலேஜ் பாடங்களையும் காட்ட வேண்டும், அந்த கிரேடுகளும் ஜி.பி.ஏ. என்ற கிரேடு சராசரியில் சேரும். எனவே வகுப்பு கைமீறுகிறது என்று தெரிந்தால் தயங்காமல் விலகிவிட வேண்டும். ஆரம்ப வாரங்களில் விலகினால் தடயமே இருக்காது. அந்தத் தேதி தாண்டினால், விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழும். அதையும் தாண்டினால் கிரேடுதான். மூன்று தேதியையும் முதல் நாளே காலண்டரில் குறியுங்கள்.

இன்னொன்று, பெற்றோருக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். காலேஜில் சேர்ந்துவிட்டால், வயது பதினாறானாலும், மாணவர் பதிவுகளைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி அந்தக் காலேஜ் ரெக்கார்டு மீதான உரிமை மாணவருடையது. புரொஃபசருக்கு நாம் மெயில் போட்டால் பெரும்பாலும் பதில் வராது. புரொஃபசர் மாணவர்களைச் சந்திக்கும் ஆஃபீஸ் அவர்ஸில் பிள்ளையே போய்க் கதவைத் தட்ட வேண்டும். கதவைத் தட்டத் தயாரில்லாத பிள்ளையை அனுப்புவதற்கு இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

சரி, டிசைன். என் மகள் கம்யூனிட்டி காலேஜில் 2-டி டிசைன் எடுத்தாள். முதல் வாரத்துப் பாடம் கேட்க எளிது: ஒரு வெள்ளைச் சதுரம், நான்கு கறுப்புச் சதுரங்கள், அவற்றை வைத்து 'இறுக்கம்' என்ற சொல்லைக் காட்ட வேண்டும். மூன்று இரவு வெட்டி ஒட்டி, நான்கையும் நடுவில் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு போனாள். சுவரில் குத்தினார்கள். ஒரு மாணவர், "எனக்கு இது நிம்மதியாகத் தெரிகிறது, நான்கும் சேர்ந்து தூங்குகிற மாதிரி" என்றாராம். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சதுரத்தை எடுத்து, விளிம்பைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் ஓரமாக வைத்தார். அறையே அந்த இடைவெளியைப் பார்த்தது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவைத் தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் நகர்த்தி நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் நாம் எல்லோரும் "நல்லா இருக்கும்மா" என்றுதான் சொல்வோம். தெரியாத ஒருவர் "எனக்கு அப்படித் தெரியவில்லை" என்று சொல்லும் அறை அவளுக்கு அப்போதுதான் கிடைத்தது.

டிசைன் கிரெடிட் கணக்கு தனி. டிசைன் கல்லூரிகள் பலவும் முதல் வருட ஃபவுண்டேஷன் வகுப்புகளை எல்லோரும் தங்களிடமே செய்ய வேண்டும் என்று நினைக்கும். ஸ்டுடியோ பாடத்துக்குக் கிரெடிட் தருவதென்றால் போர்ட்ஃபோலியோவைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆகவே இங்கே கிரெடிட்டை எதிர்பார்க்காமல் வேலைக்காகச் சேருங்கள். அங்கே செய்தவை போர்ட்ஃபோலியோவுக்குப் போகும்.

செலவு என்று பார்த்தால், அறிவியலில் பாதுகாப்புக் கண்ணாடி, லேப் கட்டணம், ஆன்லைன் ஹோம்வொர்க் தளத்துக்குள் நுழைய வாங்கும் ஆக்சஸ் கோட். இந்த ஆக்சஸ் கோட்தான் கடிக்கும். புத்தகத்தைப் பழையதாக வாங்கலாம், ஆக்சஸ் கோட்டை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். டிசைனில் பிரிஸ்டல் அட்டை, குவாஷ் வண்ணம், கட்டர், கட்டிங் மேட் என்று ஒவ்வொரு வாரமும் கடைக்குப் போக வேண்டும். மாநிலத் திட்டம் டியூஷனைத் தள்ளுபடி செய்தாலும் இவற்றைப் பல இடங்களில் கணக்கில் எடுக்காது. பார்க்கிங் தனி. ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும் ஸ்பிரிங் பிரேக் வேறு வேறு வாரம் என்பதால் எங்கள் வீட்டில் ஒரு வருடம் யாரும் எங்கும் போகவில்லை.

ஒரு பயத்தை மட்டும் நீக்கிவிடலாம். ஹைஸ்கூல் முடிக்கும் முன் எத்தனை காலேஜ் கிரெடிட் சேர்த்தாலும், பொதுவாகப் பிள்ளை முதல் வருட மாணவராகத்தான் விண்ணப்பிக்கும். டிரான்ஸ்ஃபர் மாணவராக ஆகிவிடாது.

## கோடை புரோகிராம்: ஆறு வாரம் முழுமூச்சாக

இங்கே இரண்டு வகையைக் கலக்கக் கூடாது. போட்டி போட்டுத் தேர்ந்தெடுத்து இலவசமாக நடத்துபவை ஒரு வகை. எம்.ஐ.டி.யின் 'மைட்ஸ் சம்மர்' அப்படி: ஆறு வாரம், தங்குவதும் படிப்பதும் இலவசம், போகவரச் செலவு மட்டும் நம்முடையது. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளி மாணவர்களுக்குக் கூப்பர் யூனியன் 1968 முதல் நடத்தும் சனிக்கிழமை ஓவிய, கட்டட வடிவமைப்பு வகுப்புகளும் இலவசம். அது கோடையில் அல்லாமல் பள்ளி வருடத்தில் நடக்கிறது.

கட்டணம் வாங்கி நடத்துபவை இன்னொரு வகை. இவற்றில் பெரிய பெயர் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. அது நடப்பதில்லை. பணம் கட்டினால் பெரும்பாலானவர்கள் சேரக்கூடிய புரோகிராமைச் சேர்க்கை அதிகாரிகள் தனிச் சிறப்பாகப் பார்ப்பதில்லை. தங்கும் இடத்தோடு சேர்த்தால் பல ஆயிரம் டாலர் ஆகும். அறிவியல் அறிமுக வகுப்புக்கு இவ்வளவு கொடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே பாடம் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்கிறது. 15 வார வேதியியலை ஆறு வாரத்தில் முடிப்பதும் நல்ல யோசனை இல்லை. வாரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேலை, புரிந்துகொள்ள இடைவெளி கிடையாது.

டிசைனில் நிலைமை வேறு. ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் ப்ராவிடன்ஸில் நடத்தும் ஆறு வார ப்ரீ-காலேஜில், அடிப்படை வரைதலும் டிசைனும் செய்துகொண்டே ஒரு மேஜரையும் எடுத்துப் பார்க்கலாம். காலை முதல் மாலை வரை வேறு எதுவும் இல்லாமல் கையால் வேலை. பதினேழு வயதில் "நான் இதைத் தினமும் எட்டு மணி நேரம் செய்ய விரும்புகிறேனா?" என்று பிள்ளை தன்னைத் தானே கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பதில் 'இல்லை' என்று வந்தாலும் நான்கு வருடக் கட்டணம் மிச்சம். பணம் தாங்கும் என்றால், அல்லது உதவித்தொகை கிடைத்தால், டிசைன் பிள்ளைக்கு மட்டும் யோசியுங்கள். மற்றபடி கோடையில் பிள்ளை தூங்கட்டும்.

## ஆன்லைன்: முயன்று பார்க்க முதல் படி

எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறப்பதாக 2001-இல் அறிவித்தது. அந்த ஓப்பன்கோர்ஸ்வேரில் 3.091 என்ற எண்ணில் இருக்கும் அறிமுகத் திடநிலை வேதியியல், ஏ.பி. முடித்த பிள்ளைக்கும் புதிதாக நிறையச் சொல்லும். ஹார்வர்டின் சி.எஸ்.50 கம்ப்யூட்டர் பாடம் இலவசம், ஹோம்வொர்க்கைத் தானே திருத்தும் வசதியும் உண்டு. கோர்செராவில் கால்ஆர்ட்ஸின் கிராஃபிக் டிசைன் அடிப்படைப் பாடம் இருக்கிறது.

செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம், தோற்றாலும் எங்கேயும் பதிவாகாது. அதனால்தான் எதற்கும் முன்னால் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். மூன்று வாரம் யாரும் சொல்லாமல் பிள்ளை தானாக உட்கார்ந்தால் ஆர்வம் நிஜம். நான்காம் நாளே நின்றுவிட்டால் காலேஜ் வகுப்புக்கு அவசரம் இல்லை.

ஆய்வகம் இல்லை என்பது தெரிந்த குறை. டிசைனில் குறை இன்னும் ஆழம். கூடப் படிப்பவர்களே ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறையில், "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். மகள் முதலில் செய்தது இப்படி ஓர் ஆன்லைன் பாடத்தைத்தான். மென்பொருளும் எழுத்துருவும் நன்றாகக் கற்றாள், பார்க்கக் கற்றது பிறகுதான்.

கிரெடிட்டே வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் யுனிவர்சல் லர்னர் பாடங்களில், கிரேடு என்ன என்று பார்த்த பிறகு, பிடித்திருந்தால் மட்டும் மேற்கட்டணம் செலுத்தி டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றிக்கொள்ளலாம். கிரேடு பயம் உள்ள பிள்ளைக்கு இது நல்ல ஏற்பாடு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஏ.பி. | கம்யூனிட்டி காலேஜ் | கோடை புரோகிராம் | ஆன்லைன் |
|---|---|---|---|---|
| ஆய்வகம் | ஆசிரியரைப் பொறுத்தது | நன்று | இடத்தைப் பொறுத்தது | இல்லை |
| கிரிட்டிக் | ஸ்கூலைப் பொறுத்தது | நன்று | மிக நன்று | பெயரளவில் |
| கிரெடிட் | தேர்வு மதிப்பெண்ணைப் பொறுத்து | மாநிலப் பொதுப் பல்கலையில் எளிது, தனியாரில் கேட்க வேண்டும் | சிலவற்றில் மட்டும் | பெரும்பாலும் இல்லை |
| சரியாக வராவிட்டால் | தேர்வு மதிப்பெண்ணை அனுப்ப வேண்டாம் | கிரேடு நிரந்தரம் | பெரிய பாதிப்பில்லை | ஒன்றுமில்லை |
| கவனிக்காத செலவு | ஒரே நாள் தேர்வு | ஹோம்வொர்க் ஆக்சஸ் கோட், பொருட்கள், பயணம் | தங்கும் செலவு | பிள்ளையின் ஒழுங்கு |

## யாருக்கு எது

இன்ஜினியரிங் நிச்சயம், ஸ்கூலில் ஃபிசிக்ஸ் சி இருக்கிறது, ஆசிரியரும் நல்லவர் என்றால் ஏ.பி.யே போதும். அது இல்லாத ஸ்கூல் என்றால், கால்குலஸ் முடித்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் வைத்த இயற்பியல்.

டாக்டர் கனவு உள்ள பிள்ளைக்கு ஹைஸ்கூலில் அறிவியலை ஏ.பி.யாக எடுப்பதுதான் என் சிபாரிசு. சில மருத்துவக் கல்லூரிகள் ஏ.பி. கிரெடிட்டை முன்தேவைக்கு ஏற்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை எப்படியும் வேதியியலைக் காலேஜில் மறுபடி, முழுநேர மாணவராக, நிதானமாக எடுக்கப் போகிறது. பதினாறு வயதில் அந்த கிரேடைப் பணயம் வைக்க வேண்டிய அவசியம் என்ன?

அறிவியலோ டிசைனோ, எது என்று தெரியாத பிள்ளைதான் அதிகம், தமிழ்ப் பள்ளி வாசலில் என்னைக் கேட்பவர்கள் வீட்டிலும் அப்படித்தான். அவர்களுக்கு: அறிவியலை ஸ்கூலில் எடுக்கட்டும், டிசைனைக் கம்யூனிட்டி காலேஜில் எடுக்கட்டும். காரணம் எளிது. பெரும்பாலான ஸ்கூல்களில் ஓரளவு நல்ல ஆய்வகம் உண்டு. தெரியாதவர்கள் நின்று வேலையைப் பார்க்கும் சுவர் மிகச் சில ஸ்கூல்களில்தான் உண்டு. ஒரு செமஸ்டருக்கு ஒரு வகுப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

டிசைன் என்று முடிவாகிவிட்ட பிள்ளைக்குக் கம்யூனிட்டி காலேஜ் ஸ்டுடியோவும் ஏ.பி. போர்ட்ஃபோலியோவும் சேர்ந்து நன்றாகப் பொருந்தும். அங்கே செய்ததை இங்கே வளர்க்கலாம். நேஷனல் போர்ட்ஃபோலியோ டே நிகழ்ச்சிகளில் கல்லூரிக்காரர்கள் நேரில் பிள்ளையின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அரைகுறையாக இருக்கிறதே என்று தயங்காமல் பதினொன்றாம் வகுப்பிலேயே ஒரு தடவை எடுத்துக்கொண்டு போங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்று முடிவு செய்தால், சேர்க்கும் முன் பிள்ளையையே மூன்று மெயில் போடச் சொல்லுங்கள். ஹைஸ்கூல் கவுன்சிலருக்கு: இந்தப் பாடம் ஜி.பி.ஏ.வில் எப்படிச் சேரும், எந்த ஸ்கூல் பாடத்துக்குப் பதிலாகக் கணக்காகும்? காலேஜ் டூயல் என்ரோல்மென்ட் அலுவலகத்துக்கு: வகுப்பு எந்தக் கட்டடத்தில், விலகக் கடைசித் தேதி எப்போது? போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் அந்தத் துறைக்கு: இந்தப் பாட எண்ணை மேஜருக்கு ஏற்பீர்களா? மூன்றாவது பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அனுப்பாமல் விட்டது அந்த மூன்றாவது மெயிலைத்தான்.